வாரியல் அண்ணாச்சி வளர்த்த உடங்காடு

கவலையே இல்லாத மனிதர் உண்டா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஆனால் ஊர் மொத்தத்துக்கும் சேர்த்துக் கவலைப்படுவதையே முழுநேர வேலையாக வைத்திருந்த மனிதர் யார் என்று கேட்டால், கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன், வாரியல் அண்ணாச்சி! மழை வராவிட்டால் வரவில்லையே என்று கவலை. வந்துவிட்டால் நின்றுவிடுமே என்று கவலை. எவனாவது சிரித்துக்கொண்டு தெருவில் போனால், "காலம்பறயே இந்தச் சிரிப்புச் சிரிக்கானே, பொழுது அடையதுக்குள்ள என்ன ஆவப்போவுதோ" என்று அதற்கும் கவலை.

வாரியல் என்றால் எங்கள் பக்கத்தில் விளக்குமாறு. கோயிலுக்குப் போனாலும் கல்யாணத்துக்குப் போனாலும் அது அவர் கக்கத்தில் இருக்கும். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். அதை நான் கேட்டதில்லை. அவர் சம்சாரமே கோபம் வந்தால் "ஏ வாரியலு" என்றுதான் கூப்பிடும்.

அவர் ஊர் திருச்செந்தூருக்கும் சாத்தான்குளத்துக்கும் நடுவில், தேரியின் கிழக்கோரத்தில் இருந்தது. ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். அவர் இருந்தால் "பத்திரிகையில போட்டுட்டானே, கண்ணு பட்டுருமே" என்று மூன்று நாள் சாப்பிட மாட்டார். தேரியைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். செக்கச் செவேலென்று மணல், மேடு மேடாக, பார்வை போகிற தூரம் வரை. ஆனி ஆடியில் மேற்கிலிருந்து காற்று கிளம்பினால் அந்த மேடு இருந்த இடத்தில் இருக்காது. அது நடக்கும். அந்த ஊரின் மேலத்தெரு முழுவதையும் அது எப்போதோ விழுங்கியிருந்தது. தெரு இருந்த இடத்தில் பனைமரங்களின் தலை மட்டும் மணலுக்கு வெளியே தெரியும். கழுத்துவரை புதைந்த ஆட்கள் நம்மைப் பார்ப்பதுபோல் இருக்கும். பகலிலேயே நான் அந்தப் பக்கம் தனியாகப் போக மாட்டேன்.

மேலத்தெருவுக்கு அடுத்தபடியாக மணலின் வழியில் இருந்தது கிணறு. ஊரில் நல்ல தண்ணீர்க் கிணறு அது ஒன்றுதான். மற்றதெல்லாம் வாயில் வைக்க முடியாத உப்பு. அந்தக் கிணறு மூடினால் அன்றைக்கே ஊர் பாயைச் சுருட்ட வேண்டியதுதான். ஊரில் எல்லாருக்கும் இது தெரியும். தெரிந்து, பெருமூச்சு விட்டு, தூங்கப் போய்விடுவார்கள். அண்ணாச்சி மட்டும் விடிவதற்கு முன் எழுந்து கிணற்றடி மணலைக் கூட்டி வாரி, கிழக்கே கொண்டுபோய்க் கொட்டுவார். மறுநாள் அதே அளவு மணல் வந்து உட்கார்ந்திருக்கும். மறுபடி வாருவார்.

"ஏம் அண்ணாச்சி, தேரியையே வாரிரலாம்னு நெனைப்பா?" என்று கேட்டேன் ஒருநாள்.

"நீ சிரிப்பலே. ராத்திரி படுத்தா அது வார சத்தம் எனக்குக் கேக்கு. சர்ரு சர்ருன்னு வருது."

நான் அந்த ஊருக்குப் போனது கண்டக்டராக. யுத்த காலம். பெட்ரோல் என்ற வாசனையே மறந்துபோயிருந்தது. தூத்துக்குடியிலிருந்து சாத்தான்குளம் போகும் எங்கள் வண்டியின் முதுகில் ஒரு இரும்பு உருளையைக் கட்டி, அதில் கரியைப் போட்டு எரித்து, அந்த வாயுவில் ஓட்டினார்கள். கரி பஸ் என்று பெயர். ஓட்டினார்கள் என்று சொல்வது மரியாதைக்காக. பாதித் தூரம் தள்ளினோம். டிரைவர் பர்னாந்து, கடற்கரைத் தெருக்காரர். அவர் தகப்பனார் முத்துக் குளித்தவர். "எங்க அப்பா கடலுக்கு அடியில போயி மூச்சை அடக்கினாரு. நான் இந்தக் கரிப் புகையில அடக்குதேன்" என்பார்.

அந்தக் கரி எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்? தேரி ஓரத்து உடைமரங்களிலிருந்து. குடை விரித்த மாதிரி நிற்கும் முள்மரம். மணலை ஏதோ கொஞ்சம் பிடித்து வைத்திருந்தது அதுதான். கரிக்கு நல்ல விலை என்றதும் ஆளுக்கொரு கோடாரி எடுத்தார்கள், அந்த ஊர்க்காரர்கள் உட்பட. இரண்டே வருஷத்தில் மேற்கே மொட்டை. மணலுக்கு வழி திறந்துவிட்டது.

அதனால் அண்ணாச்சி எங்கள் பஸ்ஸைப் புறக்கணித்தார். "எங்க கிணத்தை எரிச்சு ஓடுத வண்டி. இதுல ஏற மாட்டேன்" என்று வாரியலும் கையுமாக நடக்க ஆரம்பிப்பார். வண்டி அவரைத் தாண்டும். அடுத்த மேட்டில் மூச்சிரைத்து நிற்கும். எல்லாரும் இறங்கித் தள்ளுவோம். அதற்குள் அவர் வந்து சேர்ந்து, "பாவம், நின்னுட்டா என்ன செய்ய" என்று அவரும் தள்ளுவார். வண்டி கிளம்பியதும் ஏறச் சொன்னால் மாட்டார். நடந்தே எங்களுக்கு முன்னால் திருச்செந்தூர் போய், அங்கே நின்றுகொண்டு, "வண்டிக்கு ஒண்ணும் ஆவலையே?" என்று விசாரிப்பார். டிக்கெட் வாங்காமல் பஸ்ஸைத் தள்ளிய ஒரே மனிதர் அவர்தான்.

என்னைப் பற்றியும் ஒரு தனிக் கவலை வைத்திருந்தார். நான் படியில் தொங்கிக்கொண்டு வருவேன். அந்த வயதில் கண்டக்டர் உள்ளே நின்றால் யார் பார்ப்பார்கள்? வண்டி அவர் கடையைத் தாண்டும்போதெல்லாம் உள்ளேயிருந்து குரல் வரும்.

"ஏலே கண்டக்டரு! படியில நிக்காதலே!"

கடை என்றது அவருடைய பலசரக்குக் கடை. அங்கே எதை வாங்கினாலும் கொஞ்சம் தேரி சேர்ந்து வரும். "சீனியில மண்ணு கெடக்கே அண்ணாச்சி" என்றால், "சீனியாவது கெடக்குல்லா, அதைச் சொல்லு" என்பார். அவர் புத்தி எங்கே வியாபாரத்தில் இருந்தது? கிணற்றடியில் அல்லவா இருந்தது.

கிணற்றுக்கு மேற்கே ஓலைவேலி போட்டுப் பார்த்தார். மணல் வேலியின் மேல் ஏறி உட்கார்ந்தது. உடைநெற்றைப் பொறுக்கி விதையை எடுத்துக் கையால் தூவிப் பார்த்தார். உடைவிதைக்குத் தோல் கருங்கல். அடுத்த மழை வந்தது, போனது, ஒன்றுகூட முளைக்கவில்லை. எங்கெங்கோ போய்ச் சின்னக் கன்றுகளைப் பிடுங்கிவந்து நட்டு, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார். பத்துப் பதினைந்து பிழைத்தன. ஆட்டுக்கிடை வைத்திருந்த கோனாரின் ஆடுகள் ஒருநாள் வந்து அதையும் கடித்துவிட்டுப் போயின.

அன்றைக்குத்தான் அண்ணாச்சிக்குக் கோபம் வந்து நான் பார்த்தேன். கோனாரின் கிடையில் பாதியை மடக்கி ஓட்டிவந்து, மணல் மேட்டுக்குக் கீழே முள்ளால் ஒரு பட்டி அடைத்து, உள்ளே தள்ளிச் சாத்திவிட்டார். கோனார் கம்பும் கையுமாக வந்து நின்றார்.

"ஆட்டை விடும்வே."

"என் கன்னைக் குடும், விடுதேன்."

"தின்ன கன்னை எங்கன போயிவே எடுக்க?"

"அப்ப ஆடு இங்கனதான் நிக்கும்."

"நிக்கட்டும்! நீரே தீனி போடும், பாப்போம்" என்று கோனார் துண்டை உதறிக்கொண்டு போய்விட்டார்.

மாசி மாதம் அது. ஆடுகளைப் பிடித்து அடைத்த மனிதருக்கு அன்று ராத்திரியே கவலை பிடித்துவிட்டது. ஆடு இளைத்துவிட்டால்? கோனார் மனம் நொந்துவிட்டால்? வாயில்லாச் சீவன் பாவம் சும்மா விடுமா? விடிந்ததும் சாக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினார். எட்ட எட்ட மிச்சமிருந்த உடைமரங்களின் அடியில் நெற்றைப் பொறுக்கிச் சாக்குச் சாக்காகச் சுமந்துவந்து போட்டார். ஆட்டுக்கு உடைநெற்று நமக்கு அல்வா மாதிரி. கோடை முழுவதும் தின்று தின்று அவை பந்தாக உருண்டன. பட்டி நாற்றமெடுத்தால் ஆட்டுக்குச் சீக்கு வருமே என்று அவ்வப்போது பட்டியையும் தள்ளித் தள்ளி அடைத்தார். கோனார் தினமும் தூரத்தில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, மீசைக்குள் சிரித்துக்கொண்டு போவார். என் வண்டியில் வரும்போது ஒருநாள் சொன்னார், "அவசரம் இல்ல தம்பி. கோவம் ஆறட்டும். ஆடு நல்லா இருக்குல்லா."

ஆவணியில் கோனாரே வந்து, கெஞ்சுவதுபோல் நடித்து, ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனார். அண்ணாச்சிக்குப் பட்டியும் போயிற்று, கன்றும் போயிற்று. அந்த ஆடிக் காற்றில் மணல் கிணற்றுச் சுவரைத் தொட்டிருந்தது. தண்ணீர் இறைக்கிற பனையோலைப் பட்டையின் அடியில் ஒரு கை மணல் கிடக்கும். பெண்கள் வடிகட்டிக் குடித்தார்கள். இரண்டு குடும்பங்கள் தூத்துக்குடிக்கு உப்பளத்து வேலைக்கு என்று கிளம்பிவிட்டன. சாமான்களை என் பஸ்ஸின் மேல்தான் கட்டினேன். அண்ணாச்சி அதைப் பார்த்துக்கொண்டு கடை வாசலில் நின்றார். அன்றைக்கு மட்டும் 'படியில நிக்காதலே' என்று சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஐப்பசி மழை இரண்டு பாட்டம் பெய்தது. காலையில் கிணற்றடிக்கு வாரியலோடு போனவர் அலறியடித்து ஓடிவந்து சம்சாரத்தை எழுப்பினார்.

"ஏளா, எந்திரி! பட்டி போட்ட எடமெல்லாம் பச்சையா என்னமோ அப்பியிருக்கு. புதுசா ஏதும் சீக்கோ என்னமோ!"

அந்த அம்மாள் நிதானமாகப் போய்க் குனிந்து பார்த்தது. "சீக்கும் இல்ல, பேயும் இல்ல. உடங்கன்னு! ஆடு தின்ன நெத்து அத்தனையும் முளைச்சுக் கெடக்கு" என்றது.

பட்டி எங்கெங்கே போட்டாரோ அங்கங்கே மட்டும், பாய் விரித்த மாதிரி முளைத்திருந்தது. கருங்கல் விதையை ஆட்டு வயிறு பதப்படுத்தி, எருவும் போட்டு, மணலில் மிதித்து ஊன்றியும் கொடுத்திருக்கிறது. எதை எதிரி என்று அடைத்தாரோ அதுதான் விதைத்துக் கொடுத்திருக்கிறது! அந்தப் பக்கத்தில் வயலுக்கு எருவுக்காகக் கிடை போடுவது உண்டு. வெறும் மணலுக்குக் கிடை போட்டவர் உலகத்திலேயே இவர் ஒருவர்தான், அதுவும் தெரியாமல்.

அப்புறம் மறுபடி ஆடு கேட்டு அண்ணாச்சி கோனார் வீட்டுக்குப் போக வேண்டியதாயிற்று. கோனார் கட்டிலில் கால்மேல் கால் போட்டுப் படுத்துக்கொண்டு, "மொதல்ல மன்னிப்புக் கேளும்வே. பொறவு ஆட்டைக் கேளும்" என்றார். அண்ணாச்சி மன்னிப்பையும் கேட்டு, "அன்னைக்கு அந்தச் செவலைக் குட்டி நொண்டுச்சே, இப்ப எப்படி இருக்கு?" என்றும் கேட்டார். கோனார் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

ஆனால் அண்ணாச்சியின் கவலை இரட்டிப்பானதே தவிர குறையவில்லை. விதைக்கிற வாய்தான் மேய்கிற வாயும். கோடையில் ஆடு வேண்டும். மழையில் ஆடு வந்தால் ஒரு துளிரும் மிஞ்சாது. கடைசியில் ஊர் கூடியது. நெற்று உதிரும் காலத்தில் கோனாரின் கிடை மணலில் தங்கும், ஊர் அதற்கு நெற்று பொறுக்கிப் போடும். முதல் மழை விழுவதற்கு முன் ஒரு ஆடு அந்தப் பக்கம் நிற்கக் கூடாது. கன்று ஆள் உயரம் வருகிறவரை எவரும் கிளை ஒடிக்கக் கூடாது. மீறினால் தண்டம் காசு இல்லை. கிணற்றடியை ஒரு வாரம் கூட்ட வேண்டும், அண்ணாச்சியின் வாரியலால், அண்ணாச்சி பக்கத்தில் நின்று பார்க்க. அந்தக் கடைசிப் பகுதியைக் கேட்டு ஊரே நடுங்கியது. அவர் பக்கத்தில் நின்றால் கூட்டுகிறவனுக்கும் கவலை தொற்றிக்கொள்ளும்.

முதலில் மாட்டியது யார் ஆடு? அவர் வீட்டு ஆடு! சம்சாரம் வளர்த்த வெள்ளாட்டங்குட்டி கயிற்றை அறுத்துக்கொண்டு போய் நாலு கன்றை மொட்டையடித்துவிட்டது. ஊர் முழுவதும் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டது.

"ஏளா, தண்டம்னா தண்டம்தான். தூத்து" என்று வாரியலை நீட்டினார்.

"இத்தனை வருசமா நீங்க தூத்துனீங்களே, அது எந்தத் தண்டத்துக்கு? அதுல என் பங்கைக் கழிச்சுக்கிடுங்க" என்றது அந்த அம்மாள்.

ஊர் கொல்லென்று சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. நீட்டிய வாரியலோடு நின்றார். அந்த முகத்தைப் பார்த்த பிறகு அந்த அம்மாள் மறுபேச்சுப் பேசாமல் வாரியலை வாங்கிக்கொண்டது. ஏழு நாளும் அவரைத் திட்டிக்கொண்டே கூட்டியது. அதற்கப்புறம் அந்த ஊரில் எவரும் தண்டத்தில் தள்ளுபடி கேட்கவில்லை.

யுத்தம் முடிந்தது. பெட்ரோல் மட்டும் வந்தபாடில்லை. கிணற்றுக்கு மேற்கே உடை ஆள் உயரத்தைத் தாண்டிக் குடை விரிக்க ஆரம்பித்திருந்தது. மணல் அந்தக் குடைகளுக்கு அப்பால் நின்றுவிட்டது. சந்தோஷப்பட வேண்டியதுதானே? அண்ணாச்சி, "நிக்குதுன்னா என்னமோ யோசிக்குதுன்னு அர்த்தம்" என்றார்.

யோசித்தது மணல் இல்லை, எங்கள் பஸ் முதலாளி. கரிக்கு மரம் எங்குமே கிடைக்காமல் வண்டி நிற்கும் நிலை. தேரி ஓரம் புறம்போக்கு. கரிக் காண்ட்ராக்டர் எப்படியோ அனுமதி வாங்கிவிட்டார். ஒரு ஆடி மாதக் காலையில் முதலாளி, காண்ட்ராக்டர், கோடாரி ஆட்கள் என்று என் வண்டியிலேயே ஏறினார்கள். எனக்கு அன்று படியில் நிற்கக் கால் வரவில்லை. வண்டி நின்றால் என் வேலை போகும். மரம் விழுந்தால் அந்த ஊர் போகும். எதை வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் வழியெல்லாம் சும்மா விசிலை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தேன்.

செய்தி எப்படியோ முந்திவிட்டது. மரங்களுக்கு முன்னால் ஊரே நின்றது. ஆண்கள், பெண்கள், கோனார், எல்லார் கையிலும் வாரியல். எப்போதாவது தண்டம் கட்டியவர்கள்தானே எல்லாரும். காண்ட்ராக்டர் சிரித்துவிட்டு, "ம், ஆவட்டும்" என்றார். ஒரு ஆள் ஓரத்து மரத்தில் கோடாரியைப் போட்டான். நாலு வெட்டில் அது சாய்ந்தது. சாய்ந்த இடைவெளி வழியாகக் காற்று புகுந்து எங்கள் முகத்தில் மணலை வாரி அடித்தது. முதலாளி கண்ணைக் கசக்கினார்.

அண்ணாச்சி முன்னால் வந்தார். சண்டை போடுவார் என்று எல்லாரும் நினைத்தோம். அவருக்குச் சண்டை வராது, கவலைதான் வரும்.

"சரி மொதலாளி, வெட்டுங்க. கிணறு மூடிரும். நாங்க எங்கனயாவது போயிப் பொழைச்சுக்கிடுதோம். ஆனா ஒங்க வண்டிக்கு எங்கன தண்ணி ஊத்துவீங்க? தெனமும் இங்கனதான ஊத்துதாக. இதை விட்டா ஆத்துப் பக்கம் போற வரைக்கும் நல்ல தண்ணி கெடையாது. உப்புத் தண்ணிய ஊத்தினா இஞ்சினு என்னத்துக்கு ஆவும்? நடுத்தேரியில நின்னுரும். உள்ள புள்ளைத்தாச்சி இருப்பா, வயசாளி இருப்பாக. வெயிலு கொளுத்தும். பர்னாந்து வேற கோவக்காரரு. இந்தப் பய..." என்று என்னைக் காட்டினார். "இந்தப் பய படியில நிக்கிறவன். நாக்கு வறண்டு, தலை சுத்தி, அங்கன விழுந்தான்னா, அவன் அம்மைக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?"

அவர் தந்திரமாகப் பேசியதாக ஊரில் பின்னால் கதை கட்டினார்கள். தந்திரமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. மனிதர் உண்மையிலேயே எனக்காகத் தவித்துக்கொண்டிருந்தார். கன்னத்தில் ஓடிய கண்ணீரில் செம்மண் ஒட்டியிருந்தது.

முதலாளி பர்னாந்தைத் திரும்பிப் பார்த்தார். "அப்படியா?"

"மாதா சத்தியமா மொதலாளி. இந்தக் கிணறு இல்லன்னா போன வண்டி திரும்பாது."

முதலாளி சாய்ந்து கிடந்த மரத்தையும் கிணற்றையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு காண்ட்ராக்டரிடம் கோடாரியை ஏறக்கட்டச் சொன்னார். அன்று கிணற்றடியிலேயே பேச்சு முடிந்தது. மரத்தில் கை வைக்கக் கூடாது. பட்டுப்போன மரத்தையும், ஊர் பார்த்துக் கழித்துவிடும் அடிக்கிளையையும் ஊரே கரி சுட்டுக் கொடுக்கும். அந்தக் கரிக்கு எத்தனை நாள் ஓடுமோ அத்தனை நாள்தான் வண்டி. அதன்படி ஒருநாள் விட்டு ஒருநாள் ஓடியது. எனக்குச் சம்பளம் குறைந்தது. அதற்கும் அண்ணாச்சி கவலைப்பட்டார், கடையிலிருந்து கருப்பட்டி கொடுத்துவிட்டார். தேரி வாசனை அதில் நிறைய இருந்தது.

வெட்டிய ஒரு மரத்துக்குத் தண்டம் என்று முதலாளி கையில் யாரோ வாரியலைக் கொடுத்தார்கள். அவர் சிரித்துக்கொண்டே ஒரு வீச்சுக் கூட்டினார். அண்ணாச்சி பக்கத்தில் நின்று, "அந்த மூலையில மண்ணு இருக்கு மொதலாளி" என்றார்.

பிற்பாடு பெட்ரோல் வந்தது. நான் வேறு தடத்துக்குப் போனேன். அவர் காலமான செய்தி எனக்கு மாதக்கணக்கில் தாமதமாகத்தான் வந்து சேர்ந்தது. வீட்டுக்கு வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

சென்ற ஆடியில் அந்த ஊருக்குப் போயிருந்தேன். கிணற்றுக்கு மேற்கே உடங்காடு அடர்ந்து கிடக்கிறது. காற்று மேலே இரைகிறது, கீழே வரவில்லை. ஒரு பெண் தண்ணீர் இறைத்து ஊற்றினாள். குடிப்பதற்கு முன் பட்டையின் அடியில் விரலால் தடவிப் பார்த்தேன். மணல் இல்லை. கிணற்றடி உடைக்கிளையில் ஒரு புது வாரியல் தொங்கியது. தண்டம் இன்னும் நடக்கிறதாம்.

சாயங்காலம் திரும்பும் பஸ்ஸில் திருவிழாக் கூட்டம். உள்ளே கால் வைக்க இடமில்லை. படி மட்டும் காலியாக இருந்தது. "பெரியவரே, அப்படியே படியில நில்லுங்க, அடுத்த ஸ்டாப்புதான்" என்றான் கண்டக்டர். நான் இறங்கி அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். அண்ணாச்சி கவலைப்படுவார்.